கர்ப்பகால அச்சத்தைத் திகில் படமாக்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொங்கு நாட்டைக் களமாக வைத்துக் கர்ப்பத்தையும் தாய்மையையும் பற்றித் திகில் படம் எடுப்போர் செய்யும் முதல் தவறு, பேயை வெளியூரிலிருந்து இரவல் வாங்குவதுதான். கையில் குழந்தையோடு நிற்கும் இசக்கி, நெல்லைக்கும் குமரிக்கும் உரியவள். அவளைப் பெருந்துறைப் பக்கத்துத் தோட்டத்துச் சாளையில் (தோட்டத்து வீட்டில்) கொண்டுவந்து நிறுத்தினால் உள்ளூர்க்காரருக்குச் சிரிப்புத்தான் வரும்.

இங்கே கதைக்குப் பஞ்சமில்லை. உடுக்கையடித்துப் பாடும் அண்ணன்மார் கதையில், பொன்னரும் சங்கரும் போருக்குக் கிளம்புவதற்கு வெகு முன்பே, பிள்ளைக்காகத் தவங்கிடக்கும் அவர்களின் தாய் தாமரையின் துயரமும், ஆண் குழந்தை பிறந்தால் கொன்றுவிடும்படி பங்காளிகள் மருத்துவச்சியை ஏவும் சூழ்ச்சியும் வந்துவிடுகின்றன. பேறு பார்க்க வந்தவளையே நம்பலாமா என்ற அந்த ஐயம் ஒரு முழுப் படத்துக்குப் போதும். எழுதுவோர் கண்ணோ வாளின்மீதும் கொம்பன் பன்றியின்மீதும் போய்விடுகிறது.

சுமைதாங்கிக் கல்லைக் கையாளும்போது இன்னும் கவனம் வேண்டும். பழைய பாதையோரங்களில் நட்டுவைத்த இரண்டு கற்களின்மேல் ஒரு பலகைக் கல்லைக் கிடத்தியிருப்பார்கள். கருவோடு இறந்த பெண்ணின் நினைவாக எழுப்பப்படும் அதன்மேல் வழிப்போக்கர் தலைச்சுமையை இறக்கிவைத்தால், அவள் இறக்காமல் போன சுமையும் தணியும் என்பது நம்பிக்கை. இரக்கத்தில் பிறந்த அந்தக் கல்லுக்குள் பழிவாங்கும் ஆவியை அடைப்பது நம்பிக்கையையே தலைகீழாக்கும். படத்துக்கும் அதனால் பயனில்லை. ஏனெனில் கட்டுச்சோறு விருந்து முடிந்து பேறுகாலத்துக்குத் தாய்வீடு போகும் பெண், அந்தக் கல்லைக் கடக்கையில், தனக்கும் இப்படியொரு கல் வந்துவிடுமோ என்றுதான் அஞ்சுவாள்.

வீட்டாரைக் குற்றத்திலிருந்து விடுவித்துப் புளியமரத்துப் பேயின்மேல் எல்லாப் பழியையும் போடுவது மற்றொரு தவறு. பெண்சிசுக் கொலையைத் தடுக்க 1992இல் கொண்டுவரப்பட்ட தொட்டில் குழந்தைத் திட்டம் சேலம் மாவட்டத்தில்தான் தொடங்கியது என்பதை அறிந்தவருக்கு, பிறப்பது பெண்ணாக இருந்தால் என்ன ஆகும் என்ற கலக்கம் கட்டுக்கதையாகத் தோன்றாது.

பேறுகாலத்துக்குப் பின் வரும் கடும் மனநோயைப் பேய்பிடித்தலாக மட்டும் காட்டிப் பூசாரியின் வேப்பிலையால் தீர்த்துவைக்கவும் கூடாது. 1000 தாய்மார்களில் ஒன்றிரண்டு பேருக்கு, பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களுக்குள் வரும் அந்நோய்க்கு உடனடி மருத்துவம் தேவை. நோயுற்ற தாய்க்குத் தான் கண்டது பேயாகவே இருக்கட்டும், கேமரா அதை நம்பலாம். தீர்வை மட்டும் திரைக்கதை பூசாரியிடம் கொடுக்க வேண்டாம்.

கடைசியாக, பேச்சு. மிரட்டும் குரலில் மாமியாரைப் பேசவைப்போர் இந்த ஊரின் பணிவைக் கேட்டதில்லை போலும். “நல்லாச் சாப்புடு கண்ணு, பையனாத்தான் இருக்கோணும்” என்று சோறு போட்டுக்கொண்டே சொல்பவளிடம் “சரிங்கத்தை” என்பதற்கு மேல் மருமகளால் எதுவும் பேச இயலாது. அந்த இடத்தில் பின்னணி இசையைக் கூட்டுவதும் தவறுதான்.