கம்போடியாவுக்குப் போன முறுக்கு

எங்கள் சபையின் மிஷனரிக் குழுச் செயலாளராக இருந்தபோது, கம்போடியாவின் புனோம் பென் நகரில் ஊழியம் செய்த ஒரு குடும்பத்துக்கு ஆண்டுதோறும் கிறிஸ்துமஸ் பார்சல் அனுப்புவதையே ஊழியர்களைத் தாங்குதல் என்று நம்பியிருந்தேன். முறுக்கும் அதிரசமும் ஜனவரி இறுதியில் நொறுங்கிப்போய்ச் சேர்ந்தன. அவற்றுக்கு அவர்கள் கட்டிய சுங்க வரியோ பலகாரத்தின் விலையைவிட அதிகம்.

அதைவிடப் பெரிய தவற்றை அவர்கள் விடுமுறையில் வந்தபோது செய்தேன். அவர்களின் ஒன்பது வயது மகளை ஆராதனையில் முன்னே நிறுத்தி, கம்போடியாவின் கெமர் மொழியில் பாடச் சொன்னேன். அவள் அழுதுவிட்டாள். "அங்கேயும் என்னை வெளிநாட்டுப் பிள்ளை என்கிறார்கள், இங்கேயும் அப்படித்தான், அங்கிள்" என்று பிறகு சொன்னாள். 1950-களில் இந்தியாவில் வாழ்ந்த அமெரிக்கக் குடும்பங்களைத் தம் கணவருடன் ஆராய்ந்த சமூகவியலாளர் ரூத் யூசிம், இப்படிப் பெற்றோரின் நாட்டுக்கும் தாம் வளரும் நாட்டுக்கும் இடையில் வளர்பவர்களை ‘மூன்றாம் பண்பாட்டுப் பிள்ளைகள்’ என்று அழைத்ததை அதன் பின்னரே படித்தேன்.

பார்சலை நிறுத்தி, அந்தப் பணத்தைப் பிள்ளைகளின் புத்தகச் செலவுக்கு அனுப்பினோம். சனிக்கிழமைதோறும் நம் நேரம் மாலை 5.30 மணிக்கு, அதாவது அங்கு இரவு 7 மணிக்கு, என் மனைவி காணொளி அழைப்பில் அந்தச் சிறுமியோடு ஒரு தமிழ்க் கதையை வாசித்தாள். ஊழியத்தைப் பற்றிக் கேட்கக் கூடாது என்பது விதி. அதை மீறியவன் பெரும்பாலும் நான்தான்.

அடுத்த விடுமுறையில் சபைச் சந்திப்புகளை மூன்று ஞாயிறுகளாகக் குறைத்து, மற்ற நாட்களைப் பாட்டி வீட்டுக்கு விட்டுவிட்டோம். யாரும் கேட்காமலே, அவள் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளின் பெயர்களைக் கெமர் எழுத்தில் எழுதிக்கொடுத்தாள்.