பூமியா, சூரியனா? பட்டிமன்றத்தைச் சப்பென்று ஆக்காமல் நடத்துவது எப்படி

பெங்களூரு அடுக்ககப் பொங்கல் விழாவில் 'நடுவில் இருப்பது பூமியா, சூரியனா?' என்ற தலைப்பை அப்படியே கொடுத்தால் சூரிய அணி எழுந்து நின்றதுமே ஜெயித்துவிடும். அதனால் நடுவர் முதலிலேயே ஆண்டைக் கட்டிப்போட வேண்டும்: இது 1611. அதற்குப் பின் தெரிந்த எதையும் பேசக்கூடாது. ராக்கெட், செயற்கைக்கோள் என்று வாயெடுத்தால் ஒரு மதிப்பெண் போச்சு.

இப்போது பூமி அணிக்கு உயிர் வந்துவிடும். பூமி சூரியனைச் சுற்றுகிறது என்றால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை விண்மீன்கள் இடம் மாறித் தெரிய வேண்டுமே, ஏன் தெரியவில்லை? 1611-ல் இதற்கு யாரிடமும் அளந்து காட்டும் பதில் இல்லை.

சூரிய அணியின் துருப்புச் சீட்டு, கலிலியோ 1610 கடைசியில் கண்ட வெள்ளிக் கோளின் வடிவ மாற்றம்: நிலாவைப் போலப் பிறை, பாதி, முழு வட்டம். இதை மேடையிலேயே காட்டலாம். லேம்ப் ஷேடு இல்லாத 9 வாட் எல்இடி பல்பு சூரியன். அதிலிருந்து 1 மீட்டர் தள்ளி, அதே உயரத்தில் ஒரு போன், அதுதான் பூமி. படத்தை டிவியில் போடுங்கள். வெள்ளிக்கு வெள்ளைப் பெயின்ட் அடித்த ரப்பர் பந்து. டேபிள் டென்னிஸ் பந்து வேண்டாம், ஒளி ஊடுருவி இருட்டுப் பக்கமும் மங்கலாக ஒளிரும்.

முதலில் சூரியன் நடுவில் என்ற கணக்கு: பல்பைச் சுற்றி 72 செ.மீ. ஆரத்தில் பந்தைக் கொண்டு போனால் பிறை, பாதி, முழு வட்டம் எல்லாம் வரும். பல்புக்குப் பின்னால் போகும்போது பந்தைக் கொஞ்சம் தூக்கிப் பிடியுங்கள், இல்லாவிட்டால் மறைந்துவிடும். அடுத்து, பூமி நடுவில் என்ற பழங்கால வானியலாளர் தாலமியின் கணக்கு: போனுக்கும் பல்புக்கும் நட்டநடுவே மையம் வைத்து 36 செ.மீ. ஆரம். எங்கே பிடித்தாலும் பிறைதான், பாதியைக்கூடத் தாண்டாது. பல்பின் வெளிச்சத்தில் போன் படத்தை இருட்டாக்கினால், திரையில் பந்தின் மேல் விரலை அழுத்தி வெளிச்ச அளவைப் பூட்டிவிடுங்கள்.

'வெள்ளி பெரிதாகிச் சிறிதாகிறதே' என்பதை ஆதாரமாகச் சொல்ல வேண்டாம். இரண்டு கணக்கிலும் அது ஆறு மடங்குதான்.

பூமி அணி இதோடு சுருண்டுவிடத் தேவையில்லை. டென்மார்க் வானியலாளர் டைக்கோ பிராகேயின் ஏற்பாட்டில் கோள்கள் சூரியனைச் சுற்றும், சூரியன் பூமியைச் சுற்றும். வெள்ளியின் வடிவ மாற்றம் அதற்கும் பொருந்தும். கேரளத்து வானியலாளர் நீலகண்ட சோமயாஜி 1500 வாக்கிலேயே கிட்டத்தட்ட இப்படிச் சொல்லியிருக்கிறார். ஆரியபட்டரைச் சூரிய அணி அவசரப்பட்டு இழுத்தால் மாட்டிக்கொள்ளும்: 499-ல் அவர் சொன்னது பூமி தன்னைத்தானே சுழல்கிறது என்பது, நடுவில் இருந்ததென்னவோ பூமிதான்.

தீர்ப்புக்குப் பிறகு நடுவர் 1838-க்கு வரலாம். அந்த ஆண்டுதான் ஜெர்மன் வானியலாளர் பெசல், பூமி அணி கேட்ட அந்த இடமாற்றத்தை 61 சிக்னி என்ற விண்மீனில் அளந்தார்: ஆறு மாத இடமாற்றத்தில் பாதி, சுமார் 0.31 விகலை (ஒரு விகலை என்பது ஒரு டிகிரியில் 3600-ல் ஒரு பங்கு). பெங்களூரின் அல்சூரில் நின்றுகொண்டு, எலக்ட்ரானிக் சிட்டிக்கும் அப்பால் 18 கி.மீ. தொலைவில் வைத்த பத்து ரூபாய் நாணயத்தின் அகலம் அவ்வளவுதான் தெரியும்.