மண்டபத்து மின்கட்டணம்: புதிய கமிட்டிகள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கத்து மண்டபங்களில் புதிய கமிட்டி பொறுப்பேற்றதும் முதல் கூட்டத்திலேயே மின்கட்டணப் பேச்சு வந்துவிடும். எடுக்கும் முடிவும் அநேகமாக ஒன்றுதான்: எல்லா இடத்திலும் எல்.ஈ.டி. பல்பு, சுவரில் "விளக்கை அணைக்கவும்" என்று ஒரு பலகை. ஆளில்லாத அறையில் ஃபேன் ஓடக் கூடாது என்பதை யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். அதனால் அந்த மாதிரி விஷயங்களை விட்டுவிடுகிறேன். கல்யாணக் கூடம், சமையற்கட்டு, குளிர் அறை, பக்கத்தில் ஒரு கால்பந்து மைதானம் என்று இருக்கும் பெரிய மண்டபங்களுக்காக எழுதியது இது.

யூனிட்டை மட்டும் எண்ணுவது

பணத்தை அதிகம் தின்னும் தவறு இதுதான். எத்தனை முறை எடுத்துச் சொன்னாலும் அடுத்த கமிட்டி வந்து இதையே செய்வதைப் பார்க்கும்போது உண்மையிலேயே எரிச்சல் வருகிறது.

பில்லை எடுத்து, கேவிஏ (ஒரே நேரத்தில் நீங்கள் இழுக்கும் மின்சாரத்தின் அளவு) என்று ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். ப்ரீபெய்ட் மீட்டரில் ஓடும் சின்னக் கூடத்துக்கு அது இருக்காது; அவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். இருந்தால், நீங்கள் இரண்டு விஷயங்களுக்குப் பணம் கட்டுகிறீர்கள். ஒரு விருந்தாக நினைத்துப் பாருங்கள்: மொத்தம் எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்பது யூனிட். ஒரே பந்தியில் அதிகபட்சம் எத்தனை பேர் உட்கார்ந்தார்கள் என்பது கேவிஏ. மீட்டர் ஒவ்வொரு அரை மணி நேரத்துக்கும் சராசரி எடுக்கிறது. மாதத்தில் எந்த அரை மணி உச்சமோ, அதுதான் அந்த மாதத்தின் கேவிஏ கட்டணம். சில கட்டணத் திட்டங்களில் இன்னொரு வரியும் உண்டு: கடந்த 12 மாதங்களின் உச்சத்தை வைத்துப் போடுவது. ஒரு சனிக்கிழமை மாலையில் நடந்த தவறு, ஒரு வருடம் முழுக்கப் பில்லில் நிற்கும்.

சனிக்கிழமை 6 மணி ரிசப்ஷனை எடுத்துக்கொள்ளுங்கள். 8 கிலோவாட் ஏ.சி. ஆறு: 48. நான்கு கிலோவாட் கீசர் ஆறு: 24. மூன்று கிலோவாட் டீ பாய்லர் ஆறு: 18. மின் ஓவன் மூன்று, தலா 9: 27. மைதான விளக்குகள் பதினாறு: ஏறக்குறைய 17. குளிர் அறை 4. கூட்டினால் 138 கிலோவாட். பவர் ஃபேக்டர் (இழுக்கும் மின்சாரத்தில் உண்மையில் வேலைக்குப் பயன்படும் பங்கு) 0.92 என்றால், 138-ஐ அதால் வகுக்க 150 கேவிஏ. பந்தி தொடங்கும் நேரத்தில் இவை அனைத்தும் அரை மணி நேரம் ஒன்றாக ஓடினால் போதும். மாதத்தின் மற்ற நாளெல்லாம் மண்டபம் பூட்டிக் கிடந்தாலும் 150-க்குக் கட்ட வேண்டும்.

அதே விருந்தை, அதே சாமான்களை வைத்து, இப்படி நடத்தலாம். 12:30-க்குக் கீசர்களைப் போட்டு 3 மணிக்கு டைமரில் அணைத்துவிடுங்கள். 200 லிட்டர் நீரை 20 டிகிரியிலிருந்து 60-க்குக் கொண்டுவர 9.3 யூனிட் ஆகும். 4 கிலோவாட்டில் சுமார் இரண்டே கால் மணி நேர வேலை. ஓவன் வேலையை 4:30-க்குள் முடித்து, உணவைச் சூடாக வைக்க கேஸைப் பயன்படுத்துங்கள். ஏ.சி.களை 2 மணியிலிருந்து இரண்டிரண்டாகப் போடுங்கள். டீ பாய்லரில் முதலில் மூன்று, அவை கொதித்த பிறகு மற்ற மூன்று. விசேஷ நாளில் மைதானத்துக்குப் பாதி விளக்கு போதும். இப்போது மாலையில் ஓடுவது ஏ.சி. 48, டீ பாய்லர் 9, குளிர் அறை 4, விளக்கு 8.5: ஏறக்குறைய 70 கிலோவாட், அதாவது 76 கேவிஏ. யாரும் வியர்க்கவில்லை, யாருக்கும் டீ தாமதமாகவில்லை, மாலை உச்சம் பாதியாகிவிட்டது.

இதற்கு ஒரு சமையல் பொறுப்பாளரும், சுவரில் ஒட்டிய நேரப் பட்டியலும், டிபி போர்டில் (மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் சுவிட்ச் பெட்டியில்) சில டைமர்களும் போதும். அதை விட்டுவிட்டு, மோட்டாரை மெதுவாகக் கிளப்பும் சாஃப்ட் ஸ்டார்ட்டர் வாங்கச் சொல்பவர்களை நம்பாதீர்கள். மோட்டார் கிளம்பும்போது இழுக்கும் மின்சாரம் சில விநாடிகள்தான். அரை மணிச் சராசரியில் அது தெரியவே தெரியாது.

எந்தெந்த நேரத்து கேவிஏ கணக்கில் வருகிறது என்பதையும் கட்டண அட்டவணையில் பார்த்துவிடுங்கள். சில திட்டங்களில் குறைந்த கட்டண நேரத்து உச்சம் கணக்கில் சேராது. அப்படியிருந்தால் கடைசிச் சுற்று டீயை அந்த நேரத்துக்குத் தள்ளலாம்.

மின்சாரம் திரும்பியதும் எல்லாவற்றையும் ஒன்றாக ஓடவிடுவது

லோட் ஷெட்டிங் (முறைவைத்து மின்சாரத்தை நிறுத்துவது) தணிந்த பிறகும் கேபிள் பழுதால் மின்தடை வரத்தான் செய்கிறது. இரண்டு மணி நேரம் போய் வந்தால் கீசர் ஆறியிருக்கும், குளிர் அறை சூடாகியிருக்கும், கூடம் வெந்திருக்கும். வழக்கமாக மாறி மாறி ஓடுபவை எல்லாம் ஒரே நேரத்தில் முழு மூச்சாக இழுக்கும். குளிர் அறை கம்ப்ரெஸருக்கு 5 நிமிடத் தாமத ரிலே (மின்சாரம் வந்து 5 நிமிடம் கழித்தே கிளப்பும் சுவிட்ச்) போடுங்கள். அது கம்ப்ரெஸரையும் காப்பாற்றும். கீசர்கள் ஒரு மணி நேரம் காத்திருக்கட்டும்.

பழைய டைமர் நேரங்கள்

நாட்டின் மின்சார நிறுவனமான எஸ்காம் 2025-இல், கட்டணம் அதிகமான காலை உச்ச நேரத்தை 3 மணியிலிருந்து 2 மணி நேரமாகக் குறைத்து, மாலையை 2-லிருந்து 3 ஆக்கியது. உங்கள் நகராட்சியின் புதிய அட்டவணையைப் பார்த்து டைமரை மாற்றுங்கள். ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்றும் விலை ஏறும் குளிர்காலம். மாரியம்மனுக்கு ஆடிக் கூழ் ஊற்றுவது சரியாக அதற்குள்தான் விழுகிறது. வார நாள் மாலைப் பூஜைக்கான வெந்நீரைப் பகலிலேயே முடித்துவிடுங்கள்.

"கீசரை அணைத்துப் போட்டால் செலவு அதிகம்" என்று நம்புவது

தவறு. தண்ணீர் ஆற ஆற வெப்ப இழப்பும் குறையும். எவ்வளவு நேரம் அணைத்தாலும் மிச்சம்தான். பழைய 200 லிட்டர் கீசர் சும்மா நின்றே ஒரு நாளுக்குச் சுமார் இரண்டரை யூனிட் தின்னும். ஆறு கீசர், திங்கள் முதல் வெள்ளி வரை: 75 யூனிட், ஒரு சொட்டு வெந்நீர்கூடத் திறக்காமல். ஆனால் மிச்சம் பிடிப்பதாக நினைத்து தெர்மோஸ்டாட்டை 45-க்கு இறக்காதீர்கள். வெதுவெதுப்பான நீரில் லெஜியோனெல்லா கிருமி வளரும். அணைத்து வைத்தாலும், பயன்படுத்தும் முன் 60 வரை காய்ச்சியே ஆக வேண்டும்.

கொதிக்கும் அண்டாவைக் குளிர் அறைக்குள் தள்ளுவது

100 கிலோ பிரியாணியை 80 டிகிரியிலிருந்து 5-க்குக் கொண்டுவர ஏழு யூனிட்டுக்கு மேல் வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். அண்டாவின் நடுப்பகுதி விடியும் வரை சூடாகவே இருக்கும். உணவு கெடுவதும் அங்கேதான். அகலத் தட்டுகளில் இரண்டு அங்குல உயரத்துக்குப் பரப்பி, ஃபேன் காற்றில் ஆவி அடங்கியதும் உள்ளே வையுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே விடாதீர்கள். டர்பன் காற்றில் ஈரம் அதிகம். கதவு திறந்து கிடந்தால் அந்த ஈரம் முழுக்க குளிரூட்டும் காயிலில் பனியாகப் படியும். பிளாஸ்டிக் திரை இல்லாத கதவுக்கு இந்த வாரமே திரை போடுங்கள். வெளியே இருக்கும் கண்டென்ஸரில் கடல் உப்பும் சமையல் எண்ணெய்ப் பிசுக்கும் சேரும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழுவ வேண்டும்.

சோலார்

மாலை விருந்தின் கேவிஏ உச்சத்தைச் சோலார் பலகை குறைக்காது. பேட்டரி இல்லாமல் அந்தக் கணக்கைக் காட்டுபவரிடம் கையெழுத்துப் போடாதீர்கள்.

கெப்பாசிட்டர்

பவர் ஃபேக்டரை உயர்த்தத்தான் கெப்பாசிட்டர் வாங்கச் சொல்வார்கள். முதலில் பவர் ஃபேக்டரை அளந்து பாருங்கள். 80 கிலோவாட்டில் 0.85-ஐ 0.97 ஆக்கினால் 94 கேவிஏ 82-க்கு இறங்கும். ஏற்கெனவே 0.96 என்றால் வாங்க வேண்டாம்.