மேற்பார்வையாளருக்குப் பத்து நிமிடச் சோதனை

குழந்தைகளுக்கு நடத்தைப் பயிற்சி தரும் குழுவை மேற்பார்வை செய்பவர்கள், பயிற்சியாளர் எழுதும் வாரக் குறிப்புகளின் எண்ணிக்கையை நம்பலாமா என்று பார்க்க, அவற்றைப் புரட்டும் முன் பயிற்சியாளரோடு பத்து நிமிடம் உட்கார்ந்து, இருவரும் தனித்தனித் தாளில் குழந்தையின் ஒரே நடத்தையை எண்ணிப் பாருங்கள். ஒருவர் தாளை மற்றவர் எட்டிப் பார்க்கக் கூடாது. அப்புறம் சின்ன எண்ணைப் பெரிய எண்ணால் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள். உங்கள் தாளில் 10, அவர் தாளில் 8 என்றால் 80 சதவீதம் ஒத்துப்போகிறது. அதற்குக் கீழே போனால் பொதுவாக அந்தக் கணக்கை நம்பிக் குழந்தையின் பயிற்சித் திட்டத்தை மாற்றுவதில்லை.

பெரும்பாலும் தப்பு எண்ணுவதில் இருக்காது, வரையறையில்தான் இருக்கும். ‘அடித்தல்’ என்று மட்டும் எழுதியிருந்தால், ஒருவர் கை ஓங்கியதையும் சேர்ப்பார். இன்னொருவர் மேலே பட்டதை மட்டும் சேர்ப்பார். ‘ஓங்கிய கை அடுத்தவர் மேல் பட்டால் மட்டும்’ என்று ஒரு வரியைத் திருத்தினாலே பல சமயம் சரியாகிவிடும். மறுபயிற்சி வகுப்பெல்லாம் வேண்டாம். நிமிடவாரியாகக் குறித்தால் இன்னும் நல்லது. மொத்தம் ஒத்துப்போனாலும், இருவரும் வேறு வேறு அடிகளை எண்ணியிருக்கலாமே!

வாரத்துக்கு ஓரிரு முறை மட்டும் வரும் நடத்தைக்கு இது உதவாது. பத்து நிமிடமும் சும்மா போகும். குழந்தை தன்னையோ பிறரையோ காயப்படுத்தும் நேரத்திலும் வேண்டாம். அப்போது தாளை வைத்துவிட்டுப் பயிற்சியாளருக்குக் கைகொடுங்கள்.