புதிதாக உடற்பயிற்சி தொடங்கியதும் உடம்புக்கு வருவது ஏன்? தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜனவரி முதல் வாரத்தில் ஜிம்முக்குப் போனால் டிரெட்மில்லுக்குக் காத்து நிற்க வேண்டியிருக்கும். பொங்கல் கழிந்து போய்ப் பார்த்தால் அதே டிரெட்மில் ஆளின்றிக் கிடக்கும். இடையில் நின்றுபோனவர்களில் பலர் சோம்பலைக் காரணமாகச் சொல்வதில்லை. "நாலு நாள்தான் போனேன், சளி, காய்ச்சல், உடல்வலி என்று படுத்துவிட்டேன், இதெல்லாம் என் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது" என்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. உடம்புக்கு வந்தது உண்மைதான். ஆனால் அளவோடு செய்த பயிற்சி தன்னளவில் ஒருவரைப் படுக்க வைப்பது அரிது. பயிற்சியைத் தொடங்கிய அதே வாரத்தில் தூக்கத்தையும் சாப்பாட்டையும் சேர்த்து மாற்றியது, முதல் நாளே அளவை மீறியது, வந்த வலி எந்த வலி என்று பிரித்தறியாமல் விட்டது ஆகியவைதான் பெரும்பாலும் அந்த வேலையைச் செய்கின்றன.

பயிற்சியின் மீதே பழியைப் போடுவது முதல் தவறு. சாதாரணச் சளியை உண்டாக்கும் வைரஸ் உடலில் புகுந்தபின் அறிகுறி தெரிய ஒன்று முதல் மூன்று நாள் ஆகும். இன்ஃபுளுவென்சாவுக்கு ஒன்று முதல் நான்கு நாள். டெங்குவுக்கோ கொசு கடித்ததிலிருந்து நான்கு முதல் பத்து நாள். ஆகவே திங்களன்று ஜிம்மில் சேர்ந்து செவ்வாயன்று தும்மத் தொடங்கியவர், அநேகமாக அந்தச் சளியை முந்தின சனி ஞாயிறில் ஏதாவது கல்யாண வீட்டிலோ பேருந்திலோ வாங்கி வந்திருப்பார். காகம் உட்காரப் பனம்பழம் விழுந்த கதை இது. போதாததற்கு நாம் தீர்மானம் எடுக்கும் மாதமும் சளி பரவும் மாதமும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன. சென்னைவாசிகளுக்கு இன்னொன்றும் உண்டு: போகியை ஒட்டிய நாட்களில் புகையும் பனியும் கலந்து நிற்கும் விடியற்காலையில், வாயால் மூச்சு வாங்கிக்கொண்டு ஓடினால் தொண்டை கரகரப்பதும் இருமல் வருவதும் கிருமித் தொற்றாக இருக்க வேண்டியதில்லை. ஆஸ்துமா உள்ளவர்கள் அந்த ஓரிரு நாட்கள் வீட்டுக்குள்ளேயே பயிற்சி செய்வது நல்லது.

தூக்கத்தை அறுத்து நேரம் எடுப்பது

என் பார்வையில், புதியவர்கள் செய்யும் தவறுகளில் மிகப் பெரியதும் மிகக் குறைவாகப் பேசப்படுவதும் இதுதான். காலை நாலரைக்கு அலாரம் வைக்கிறோம். இரவு படுக்கும் நேரமோ பழையபடி பதினொன்றரை, பன்னிரண்டு. ஆறரை மணி நேரமாக இருந்த தூக்கம் ஐந்து மணி நேரத்துக்கும் கீழே போகிறது. அமெரிக்காவில் 164 நலமான ஆண் பெண்களை ஒரு வாரம் மணிக்கட்டுக் கருவி கட்டித் தூக்கத்தை அளந்து, பின் அவர்கள் மூக்கில் சளி வைரஸைச் சொட்டு மருந்தாக விட்டு, தனித்தங்கவைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2015இல் வெளிவந்தது. ஏழு மணி நேரத்துக்கு மேல் தூங்கியவர்களோடு ஒப்பிட, ஆறு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கியவர்களுக்குச் சளி பிடிக்கும் வாய்ப்பு நான்கு மடங்குக்கும் சற்று மேலாக இருந்தது. கிருமி எல்லோர் மூக்கிலும் ஒரே அளவில்தான் போடப்பட்டது என்பதை நினைவில் வைத்தால், தூக்கத்தின் எடை என்ன என்பது புரியும்.

எனவே முதலில் மாற்ற வேண்டியது எழும் நேரத்தை அல்ல, படுக்கும் நேரத்தை. பயிற்சி தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே அரை மணி, ஒரு மணி என்று படுக்கையை முன்னுக்குக் கொண்டுவர முடியாதவர்கள், காலைப் பயிற்சி என்ற ஆசையை விட்டுவிட்டு மாலையில் நடப்பதே மேல். விடியற்காலையில் செய்தால்தான் பலன் என்ற நம்பிக்கைக்காக ஐந்து மணி நேரத் தூக்கத்தோடு ஓடுவது, கடன் வாங்கித் தர்மம் செய்வது போன்றது.

சோற்றையும் சேர்த்து நிறுத்துவது

ஜிம்மில் சேர்ந்த அன்றே அரிசியை நிறுத்துவதும், இட்லியைக் குறைத்து இரண்டு முட்டையோடு ஓட்டுவதும் இப்போது வழக்கமாகிவிட்டன. எடை குறைய வேண்டும் என்ற அவசரம் புரிகிறது. ஆனால் மாவுச்சத்து மிகக் குறைந்த நிலையில் கடும் பயிற்சி செய்யும்போது, கார்ட்டிசால் போன்ற மன அழுத்த ஹார்மோன்கள் வழக்கத்தைவிட அதிகமாகச் சுரக்கின்றன. உடல் ஒரே நேரத்தில் புதிய வேலையையும் பட்டினியையும் தாங்க வேண்டியிருக்கிறது. முதல் ஒரு மாதம் சாப்பாட்டைப் பெரிதாகத் தொடாமல் பயிற்சியை மட்டும் பழக்கிக்கொண்டு, பிறகு தட்டில் கை வைப்பது அறிவார்ந்த வரிசை.

வெறும் வயிற்றில் பயிற்சி செய்து குமட்டல், மயக்கம் வருகிறது என்பவர்கள் ஒரு வாழைப்பழமோ ஒரு டம்ளர் கஞ்சியோ குடித்துவிட்டுத் தொடங்கிப் பார்க்கலாம். வேகமாகச் செய்துகொண்டிருந்துவிட்டுச் சட்டென்று நிற்பதும் தலைசுற்றலுக்குக் காரணமாகும்; கால் தசைகள் இயங்காதபோது இரத்தம் கீழேயே தேங்கி மூளைக்குப் போவது குறைகிறது என்பதால், கடைசி ஐந்து நிமிடம் மெதுவாக நடந்துவிட்டுத்தான் உட்கார வேண்டும். சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ, கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளோ எடுப்பவர்களின் நிலை வேறு. அவர்களுக்கு வியர்வை, நடுக்கம், படபடப்பு, பேச்சுக் குழறல் ஆகியவை பயிற்சியின் களைப்பைப் போலவே தோன்றினாலும் சர்க்கரை அபாயகரமாக இறங்கியதன் அறிகுறியாக இருக்கலாம். தொடங்குவதற்கு முன்பே மருத்துவரிடம் மருந்தளவைப் பேசிவிடுவதும், பையில் குளுக்கோஸோ சர்க்கரையோ வைத்திருப்பதும் அவர்களுக்குக் கட்டாயம்.

முதல் வாரத்திலேயே முழு வீச்சு

கடும் பயிற்சிக்குப் பின் எதிர்ப்பாற்றல் குறைகிறது என்று பலரும் சொல்லக் கேட்டிருப்போம். இந்தக் கருத்தின் வேர் மாரத்தான் ஓட்டங்களில் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் 1982இல் நடந்த 56 கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பிந்தைய இரண்டு வாரத்தில், ஓடியவர்களில் 33.3 சதவீதத்தினருக்குச் சளி, தொண்டை வலி போன்ற அறிகுறிகள் இருந்தன. ஒப்பிடுவதற்காகத் தேர்ந்த ஓடாதவர்களில் அது 15.3 சதவீதம். லாஸ் ஏஞ்சலஸில் 1987 மாரத்தானுக்கு அடுத்த வாரத்தில் ஓடியவர்களில் 12.9 சதவீதத்தினரும், பயிற்சி பெற்றும் அன்று ஓடாதவர்களில் 2.2 சதவீதத்தினரும் தொற்று கண்டதாகச் சொன்னார்கள். இந்த இரண்டாவது ஆய்வைச் செய்த டேவிட் நீமன்தான், வாரத்தில் ஐந்து நாள் 45 நிமிடம் வேகநடை நடந்த பெண்களையும் நடக்காதவர்களையும் 15 வாரம் ஒப்பிட்டுப் பார்த்தார். நடந்தவர்களுக்குச் சளி அறிகுறி இருந்த நாட்கள் சராசரியாக 5.1, நடக்காதவர்களுக்கு 10.8. மொத்தம் 36 பேர் மட்டுமே கொண்ட சிறிய ஆய்வு அது என்றாலும், அளவான பயிற்சி சளியைக் கூட்டுவதற்குப் பதில் குறைக்கவே செய்கிறது என்ற திசையைக் காட்டியது.

மாரத்தான் முடிவுகளையும் அப்படியே ஏற்க வேண்டியதில்லை என்று இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் வாதிட்டார்கள். ஓடி முடித்த சில மணி நேரத்தில் இரத்தத்தில் லிம்போசைட் வகை வெள்ளணுக்கள் குறைவது உண்மையே, ஆனால் அவை அழிந்துபோகவில்லை, நுரையீரல், குடல் முதலிய இடங்களுக்குக் காவலுக்குப் போயிருக்கின்றன என்பதும், பெருங்கூட்டம், பயணம், முந்தின இரவுத் தூக்கமின்மை ஆகியவையே தொற்றுக்குப் பெரிய காரணமாக இருக்கலாம் என்பதும் அவர்கள் தரப்பு. எது எப்படியானாலும் ட்ரெட்மில்லில் அரைமணி நேரம் நடப்பவர் தன் எதிர்ப்பாற்றல் போய்விடும் என்று அஞ்சுவதற்கு இந்த விவாதத்தில் எங்கும் இடமில்லை. விட்டமின் சி மாத்திரையை அள்ளி விழுங்குவதற்கும் இடமில்லை. மாரத்தான் ஓடுபவர்கள் போன்ற கடும் உழைப்பாளிகளிடம்தான் அது சளியைத் தடுத்ததாகத் தெரிகிறது.

அப்படியானால் முதல் வாரத்தில் அளவை மீறுவதில் ஆபத்தே இல்லையா? இருக்கிறது, ஆனால் அது தசையில் இருக்கிறது. பழகாத ஒருவரைப் பிடித்து முதல் நாளே நூறு பஸ்கி போட வைத்தால், தசை நார்கள் பெருமளவில் சிதைந்து, அவற்றிலுள்ள மயோகுளோபின் என்ற புரதம் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும். ராப்டோமயோலிசிஸ் என்று இதற்குப் பெயர். தொடை கல்போல வீங்கி, காலை மடக்க முடியாமல், சிறுநீர் கறுப்புக் காப்பி நிறத்தில் போனால் அது ஒத்தடம் கொடுத்துப் பார்க்கும் வலி அல்ல. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். "வலித்தால்தான் வளரும்" என்று உசுப்பேற்றும் டிரெய்னரிடம், முதல் இரண்டு வாரம் பாதி அளவே செய்வேன் என்று கூச்சப்படாமல் சொல்லிவிடலாம். கோடையில் தொடங்குபவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் உடல் பழக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும்.

எந்த வலி என்று பார்க்காமல் இருப்பது

பழகாத பயிற்சிக்குப் பின் வரும் தசைவலிக்கு ஒரு நடைமுறை உண்டு. அது அன்றே வராது. மறுநாள் தொடங்கி, இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய், ஒரு வாரத்துக்குள் தானே அடங்கும். உழைத்த தசையில் மட்டும் இருக்கும், தொட்டால் வலிக்கும், அசைத்தால் கூடும், சும்மா இருந்தால் குறையும். பஸ்கி போட்டவருக்கு மாடிப்படி இறங்குவதும் இந்தியக் கழிவறையில் உட்கார்ந்து எழுவதும் நரகமாக இருக்கும். ஆனால் கண்ணுக்குப் பின்னால் வலிக்காது, குளிர் எடுக்காது.

இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டியதற்குத் தமிழ்நாட்டில் தனிக் காரணம் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை, டெங்கு கூடுகிறது. அதன் முதல் நாட்களில் அடித்துப்போட்டது போன்ற உடல்வலியே முன்னால் நிற்கும். புதிதாக ஜிம்மில் சேர்ந்தவர் அதை "கை கால் எல்லாம் பிடித்துக்கொண்டது" என்று தள்ளிவிட்டு, வலி மாத்திரை போட்டுக்கொண்டு மறுபடி பயிற்சிக்குப் போவது நடக்கக்கூடிய ஒன்று. ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் வகை மாத்திரைகள் டெங்குவில் இரத்தக்கசிவு அபாயத்தைக் கூட்டுபவை. உடலில் நீர் குறைந்திருக்கும்போது அவை சிறுநீரகத்துக்கும் கேடு. ஆகவே வீட்டில் இருக்க வேண்டிய முதல் உடற்பயிற்சிக் கருவி ஒரு தெர்மாமீட்டர் என்பேன். பயிற்சியின்போது உடல்சூடு ஏறுவது இயல்பு என்பதால், முடித்து ஒரு மணி நேரமாவது ஓய்வெடுத்தபின் அளந்து பார்க்க வேண்டும். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் அது பயிற்சிவலி அல்ல, காய்ச்சல். பாராசிட்டமாலுக்கு மேல் எதையும் தானாகப் போடாமல் மருத்துவரைப் பார்ப்பதே முறை.

சிறியதாகத் தோன்றும் ஒன்று

வியர்வை ஊறிய பனியனோடு ஏசி அறையிலேயே உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பதும், ஒரே துண்டைத் துவைக்காமல் மூன்று நாள் பையில் வைத்திருப்பதும் படர்தாமரைக்கு நேர்வழி. அதற்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் களிம்புகளில் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. அரிப்பு அடங்கினாலும் பூஞ்சை பரவிக்கொண்டே போகும். கருவியைத் தொட்ட கையால் மூக்கையும் கண்ணையும் தேய்க்காமல் இருப்பதும், வீட்டுக்கு வந்ததும் குளிப்பதும் போதும்.

காய்ச்சலோடு போவது, அவசரமாகத் திரும்புவது

கழுத்துக்கு மேலே இருக்கும் தொந்தரவுகளுக்கு, அதாவது மூக்கொழுகல், தும்மல், லேசான தொண்டைக் கரகரப்புக்கு, மிதமான நடை தடையில்லை. ஜிம்முக்குப் போய் அடுத்தவருக்குக் கொடுக்காமல் தனியாக நடந்தால் சரி. மார்புச் சளி, உடல்வலி, வயிற்றுப்போக்கு, காய்ச்சல் என்று கழுத்துக்குக் கீழே இறங்கிவிட்டால் முழு ஓய்வுதான். "வியர்த்துக் கொட்டினால் காய்ச்சல் விட்டுவிடும்" என்று ஓடுவது மிக ஆபத்தானது. சில வைரஸ்கள் இதயத் தசையையும் தாக்கக்கூடியவை. அழற்சி இருக்கும் இதயத்தை விரட்டி வேலை வாங்கினால் துடிப்பே தாறுமாறாகலாம்.

டெங்குவில் இதைவிட நுட்பமான பொறி ஒன்று உண்டு. காய்ச்சல் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் இறங்கும். உண்மையான ஆபத்துக் கட்டம் அப்போதுதான் தொடங்குகிறது. சூடு விட்டதே என்று ஜிம் பையைத் தூக்கக் கூடாது. வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறில் இரத்தம், அசாதாரணமான சோர்வு ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். குணமானபின்பும் சில வாரங்கள் அசதி நீடிப்பது இயல்பு என்பதால், இரத்தப் பரிசோதனை பார்த்து மருத்துவர் சரி என்றபின் திரும்பினால் போதும்.

சாதாரண வைரஸ் காய்ச்சலானால், மாத்திரை இல்லாமலே ஒரு முழு நாள் சூடு வராமல் இருந்தபின் பதினைந்து இருபது நிமிட நடையில் தொடங்கி, மறுநாள் களைப்பு கூடவில்லை என்றால் மட்டும் சற்று ஏற்றலாம். எடை தூக்குபவர்கள் பழைய அளவில் பாதியோடு ஆரம்பித்து ஒன்றிரண்டு வாரத்தில் பழைய நிலைக்கு வரலாம். அந்த நாட்களில் ஒரு மாடி ஏறுவதற்கே மூச்சு வாங்கினாலோ, மார்பு வலித்தாலோ, இதயம் காரணமின்றிப் படபடத்தாலோ, பயிற்சியை அங்கேயே நிறுத்திவிட்டு ஒரு ஈசிஜி எடுத்துப் பார்க்க வேண்டும்.