ஸ்கீ பைண்டிங்கில் பூட்ஸ் உட்காரும் இடத்தைச் சரிசெய்வது எப்படி?

பாலக்காடு, கொழிஞ்சாம்பாறை, பொள்ளாச்சி பக்கமிருந்து குல்மார்க்குக்கோ ஔலிக்கோ பனிச்சறுக்கு கற்கப் போகிறீர்கள், பழைய ஸ்கீயும் பூட்ஸும் சொந்தமாக வாங்கியிருக்கிறீர்கள் என்றால் இது உங்களுக்கானது. பூட்ஸை ஸ்கீயோடு பிடித்துவைத்து, விழும்போது விட்டுவிடும் பிடிதான் பைண்டிங். வாங்கியவுடன் எல்லோர் கண்ணும் போவது அதன் மேலுள்ள டின் எண் மீதுதான். எவ்வளவு விசை வந்தால் பூட்ஸை விட வேண்டும் என்பதை ஸ்பிரிங்குக்குச் சொல்லும் எண் அது. பூட்ஸ் சரியாக உட்காராவிட்டால் அந்த எண்ணை நம்ப முடியாது. ஆகவே முதலில் பூட்ஸ் உட்காரும் விதத்தைப் பாருங்கள், எண் கடைசியில்.

முன் பிடி பூட்ஸின் நுனியைப் பிடிக்கிறது, பின் பிடி குதிகாலை. முன் பிடியை ஒட்டி, பூட்ஸின் அடிக்குக் கீழே ஒரு சின்னத் தகடு இருக்கும். ஏ.எஃப்.டி. என்பார்கள், அதாவது உராய்வைக் குறைக்கும் தகடு. விழும்போது கால் முறுக்கினால் பூட்ஸின் நுனி பக்கவாட்டில் வழுக்கி வெளியேற வேண்டும். அதே நொடியில் உடல் முன்னால் சாய்ந்து எடை முழுவதும் அந்தத் தகட்டை அழுத்திக்கொண்டிருக்கும். தகடு கரடுமுரடாக இருந்தால் எண்ணில் 5 என்று காட்டினாலும் கால் எலும்பு தாங்க வேண்டிய முறுக்கு அதைவிட அதிகமாகிவிடும்.

தேவையானவை: போசிடிரைவ் 3-ஆம் எண் ஸ்க்ரூடிரைவர், வெர்னியர் (மி.மீ.யை நுட்பமாக அளக்கும் கருவி), பழைய டூத் பிரஷ், துணி, ஒரு விசிட்டிங் கார்டு, உங்கள் பைண்டிங் மாடலின் கையேடு. சாதாரண ஸ்டார் ஸ்க்ரூடிரைவரைத் தொடாதீர்கள். அது வழுக்கி வழுக்கித் திருகின் தலையைத் தின்றுவிடும், பிறகு எதையும் திருப்ப முடியாது.

படி 1: பூட்ஸின் அடியை அளங்கள்

பூட்ஸைத் திருப்பிப் பாருங்கள். அடிப்பகுதி எந்தத் தரத்தில் செய்யப்பட்டது என்று பெரும்பாலும் அச்சிட்டிருக்கும். ஐ.எஸ்.ஓ 5355 என்றால் வழக்கமான கடினப் பிளாஸ்டிக் அடி. 9523 என்றால் மலையேறும் டூரிங் பூட்ஸ், ரப்பர் அடி. 23223 என்றால் கிரிப்வாக், அதாவது நடக்க வசதியான அடி. மூன்றின் முன் நுனியும் ஒரே உயரத்தில் இராது, ஒரே மாதிரி வழுக்கவும் செய்யாது. உங்கள் பைண்டிங் எந்தெந்த அடியை ஏற்கும் என்பது கையேட்டில் இருக்கும். பொருந்தாத ஜோடி என்றால் இங்கேயே நிறுத்துங்கள், திருகிச் சரிசெய்யக்கூடிய குறை இல்லை இது.

5355 தரத்துப் பெரியவர் பூட்ஸில் முன் நுனி உதட்டின் மேற்பரப்பிலிருந்து தரை வரை 19 மி.மீ., குதிகாலில் 30 மி.மீ. இருக்க வேண்டும். ஏற்ற இறக்கம் 1 மி.மீ.தான். வெர்னியரில் இடது, வலது இரண்டையும் அளங்கள். பார்க்கிங்கிலும் சிமெண்ட் தரையிலும் நடந்த பூட்ஸில் நுனி ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து, பைண்டிங்கில் சாய்ந்து உட்காரும். சில பூட்ஸில் அடியைத் தனியாகக் கழற்றி மாற்றலாம். மற்றவை ஓய்வு பெற வேண்டியவை.

படி 2: தகடு

மூன்று வகை பரவலாக உண்டு: ஒட்டிய டெஃப்லான் பட்டை, பக்கவாட்டில் நகரும் தகடு, சுழலும் பெல்ட். பிரஷ்ஷும் வெறும் தண்ணீரும் கொண்டு மண்ணை எடுங்கள். டெஃப்லானில் கீறல், ஓரம் கிளம்புதல், ஓட்டை இருந்தால் மாற்ற வேண்டும். நகரும் வகையை விரலால் தள்ளிப் பாருங்கள், இரு பக்கமும் தடையின்றிப் போய்த் தானே நடுவுக்கு வர வேண்டும்.

கோயம்புத்தூரில் டெஃப்லான் ஷீட் கிடைக்கும், லேத் பட்டறையில் எந்த அளவிலும் வெட்டித் தருவார்கள். இந்த ஒரு வேலைக்கு மட்டும் அங்கே போகாதீர்கள். கனம் அரை மி.மீ. மாறினாலே அடுத்த படியில் செய்யும் உயரக் கணக்கு முழுவதும் மாறிவிடும். கம்பெனியின் உதிரி பாகமே வேண்டும்.

படி 3: முன் உயரம்

வேலையின் மையம் இதுதான், நிதானமாகச் செய்யுங்கள். பூட்ஸின் பக்கவாட்டில் அடி நீளம் மி.மீ.யில் பொறித்திருக்கும், உதாரணமாக 305. அதற்கேற்பப் பின் பிடியைத் தோராயமாக நகர்த்தி பூட்ஸை மாட்டுங்கள். இப்போது பூட்ஸின் அடிக்கும் தகட்டுக்கும் நடுவே கார்டைச் செருகி இழுங்கள். லேசாகப் பிடித்துக்கொண்டே வர வேண்டும். கிழிந்தால் இடைவெளி போதாது, தொங்கிக்கொண்டு வந்தால் அதிகம். சில மாடல்களுக்கு அரை மி.மீ. இடைவெளி கேட்பார்கள், அதற்கான அளவுத் தகட்டைக் கம்பெனியே தரும். உயரத் திருகு முன் பிடியில் இருக்கும். கால் சுற்று திருப்பி, பூட்ஸைக் கழற்றி, மறுபடி மாட்டிச் சோதியுங்கள். மாட்டியபடியே திருகினால் அளவு பொய் சொல்லும். உயரம் தானாகவே அமையும் மாடல்களில் திருகே இராது.

இடைவெளி குறைந்தால் பூட்ஸ் இறுகி, விழும்போது விடாது. அதிகமானால் நுனி மேலும் கீழும் ஆடும், ஸ்கீ நீங்கள் சொல்வதைக் கேட்காது.

படி 4: முன்னழுத்தம்

பின் பிடி பூட்ஸை முன்னோக்கித் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். ஓடும்போது ஸ்கீ வளைவதால் முன், பின் பிடிகளுக்கு இடையிலான தூரம் மாறுகிறது, அதை ஈடுகட்டுவது இந்த அழுத்தம்தான். பூட்ஸ் மாட்டிய நிலையில் பின் பிடியின் காட்டி கோடுகளுக்கு நடுவே நிற்கிறதா பாருங்கள். குறைந்தால் மேடு பள்ளத்தில் காரணமின்றிக் கழலும். இதைப் பார்த்துவிட்டுப் பலரும் டின் எண்ணைக் கூட்டுவது ஆபத்தான பழக்கம்.

படி 5: எண்

எடை, உயரம், வயது, அடி நீளம், ஓட்டும் விதம் ஆகிய ஐந்தையும் வைத்து அட்டவணையில் எண்ணைக் காண்பார்கள். மற்ற நான்கும் ஒன்றாக இருந்தால் நீளமான பூட்ஸுக்குச் சிறிய எண் வரும், ஏனென்றால் நெம்புகோல் நீளம். எண்ணை வைப்பதையும் முறுக்குவிசைக் கருவியில் சோதிப்பதையும் பயிற்சி பெற்ற டெக்னீஷியனிடம் விடுங்கள். இந்த அமைப்பு முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பைக் காக்கவே பிறந்தது, முழங்கால் தசைநாரை அவ்வளவாகக் காப்பாற்றாது.

நம் ஊர் வானிலையில் பராமரிப்பு

தென்மேற்குப் பருவமழையில் திருகுகள் துருப்பிடிக்கும். ஏப்ரல், மே மாதத்தில் ஷீட் கூரைக்கடியில் பரணில் போட்டால் சூட்டில் டெஃப்லான் ஒட்டிய பசை இளகும், பூட்ஸ் ஓடு வடிவம் கெடும். காற்றோட்டமான அறையில் ஸ்கீயை நிறுத்தி வைத்து, பூட்ஸ் கொக்கிகளை லேசாகப் போட்டு வையுங்கள். பிளாஸ்டிக் சாக்கில் கட்ட வேண்டாம். துருவுக்குத் தேங்காய் எண்ணெய் தடவவே கூடாது. ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே அது உறையும், தூசியையும் பிடித்து வைக்கும். துரு நீக்கும் ஸ்பிரேயும் வேண்டாம், தொழிற்சாலையில் வைத்த கிரீஸை அது கரைத்துவிடும்.

பனியில் நின்றதும், ஒவ்வொரு முறை மாட்டுவதற்கு முன்பும் பூட்ஸின் அடியைக் கம்பால் சுரண்டுங்கள். ஒட்டியிருக்கும் 2 மி.மீ. பனிக்கட்டி, மூன்றாம் படியில் சொன்ன அரை மி.மீ. இடைவெளியைப் போல நான்கு மடங்கு.