நாய் ஏன் விடாமல் சொறிகிறது? வீட்டிலேயே காரணத்தைத் தேடும் முறை

யாழ்ப்பாணத்தில் ஒரு நாய் சொறியத் தொடங்கினால் ஒழுங்கையில் உள்ள எல்லாரும் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். வேப்பெண்ணெய், மஞ்சள், மண்ணெண்ணெய், பாவித்த எஞ்சின் ஒயில். கடைசி இரண்டையும் தயவுசெய்து பூச வேண்டாம். அவை தோலைப் புண்ணாக்கும். நாய் உடம்பை நக்கும்போது வயிற்றுக்குள்ளும் போய் நஞ்சாகும். எதைப் பூசுவது என்று யோசிக்க முன்னம் எதனால் சொறிகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். அதில் பெரும்பகுதியை நீங்களே வீட்டில் செய்யலாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கும் பொறுமைதான் தேவை. சாப்பாடு, ஷாம்பு, மருந்து எல்லாவற்றையும் ஒரே கிழமையில் மாற்றினால், சுகம் வந்தாலும் எதனால் வந்தது என்று தெரியாது.

முகம் வீங்கினால், மூச்சு வாங்கினால், புண்ணில் சீழ் வடிந்தால், சாப்பிடாமல் சுருண்டு படுத்தால் இந்தத் தேடலை விட்டுவிட்டு உடனே மிருக வைத்தியரிடம் போங்கள்.

1. எங்கே சொறிகிறது என்று பாருங்கள்

ஒரு கொப்பி எடுங்கள். நாய் எந்த இடத்தைச் சொறிகிறது, நக்குகிறது, கடிக்கிறது என்று எழுதுங்கள். தினமும் இரவு அன்றைய சொறிச்சலுக்கு 0 முதல் 10 வரை ஒரு புள்ளி போடுங்கள். இடமே பாதி விடையைச் சொல்லும். வாலடியும் பின்முதுகும் என்றால் முதலில் தெள்ளைச் சந்தேகிக்க வேண்டும். பாதம், காது, முகம், அக்குள் என்றால் உணவு அல்லது தூசி. மயிர் குறைந்த அடிவயிற்றில் மட்டும் சிவந்திருந்தால் படுக்கும் இடத்தைப் பாருங்கள்.

2. தெள்ளு

எல்லாருக்கும் முதலில் சாப்பாட்டின் மேல்தான் சந்தேகம் வரும். ஆனால் நம்முடைய வெக்கையில் தெள்ளு வருடம் முழுக்கப் பெருகும். அதனால் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பேன் சீப்பால் வாலடியிலிருந்து மேல்நோக்கி, தோலோடு ஒட்டி வாருங்கள். சீப்பில் வந்ததை நனைத்த வெள்ளைக் கடதாசியில் தட்டுங்கள். மிளகுத்தூள் போல கறுப்புப் புள்ளிகள் விழும். ஒரு நிமிடம் பொறுத்துப் பாருங்கள். புள்ளியைச் சுற்றிச் செம்மண்ணிறக் கறை பரவினால் அது சாதாரண ஊத்தை இல்லை, தெள்ளின் எச்சம். தெள்ளு குடித்துச் செமித்த இரத்தம்தான் அப்படிக் கரைந்து வருகிறது. வெறும் மண் என்றால் அந்தச் சிவப்பு வராது.

ஒன்றும் விழவில்லை என்று தெள்ளை விட்டுவிடாதீர்கள். ஒவ்வாமை உள்ள நாய்க்கு ஒன்றிரண்டு கடி போதும். தெள்ளின் எச்சில்தான் சொறிச்சலைக் கிளப்புகிறது. கடித்த தெள்ளை நாயே நக்கி விழுங்கியும் இருக்கலாம். ஆகவே மிருக வைத்தியர் தரும் தெள்ளு மருந்தை மூன்று மாதம் தொடர்ந்து போட்டுப் பார்ப்பதுதான் சரியான சோதனை. தெள்ளின் முட்டை, புழு, கூடு மூன்றும் பெரும்பாலும் நாயில் தங்குவதில்லை. அவை முற்றத்து மணலிலும், சாக்கிலும், திண்ணை வெடிப்பிலும் இருக்கும். கூட்டுக்குள் இருப்பவை பல கிழமை கழித்தும் வெளியே வரும். சாக்கை வெந்நீரில் அலசி வெயிலில் போடுங்கள், திண்ணையைக் கூட்டுங்கள். வீட்டில் உள்ள மற்ற நாய்களுக்கும் பூனைக்கும் மருந்து வேண்டும். ஆனால் நாயின் மருந்தைப் பூனைக்குப் போடவே கூடாது. பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி உள்ள மருந்து பூனையைக் கொன்றுவிடும்.

3. ஒவ்வாமை போலத் தெரியும் சொறி

காது மடலின் ஓரத்தைப் பிடித்து மெதுவாகத் தேயுங்கள். பின்னங்கால் தானாகச் சொறிவது போல ஆடினால், காது ஓரமும் முழங்கையும் மயிர் கொட்டித் தடித்திருந்தால், அது சிற்றுண்ணியால் வரும் சொறியாக இருக்கலாம். வீட்டில் யாருக்காவது கையிலோ வயிற்றிலோ அரிப்பு வந்திருந்தால் சந்தேகம் இன்னும் கூடும். வட்ட வட்டமாக மயிர் கொட்டினால் பூஞ்சையாகவும் இருக்கலாம். இரண்டுமே மனிதருக்குத் தொற்றும். இதற்குத் தோலைச் சுரண்டிப் பார்க்க வேண்டும், மிருக வைத்தியரிடம் போங்கள்.

4. படுக்கும் இடம்

குளிர்ச்சிக்காக நாய் சீமெந்துத் தரையில் வயிறு பட நீட்டிப் படுக்கும். அந்தத் தரையை எதால் கழுவுகிறீர்கள்? இரண்டு கிழமை வெறும் தண்ணீரால் மட்டும் கழுவுங்கள், பழைய பருத்திச் சீலையை விரித்து விடுங்கள். டெற்றோல் ஊற்றிக் குளிப்பாட்டுவதையும் நிறுத்துங்கள்.

5. உணவு

இதுதான் நீளமான சோதனை, இடையில் கைவிடப்படுவதும் இதுதான். நாய்களுக்கு அதிகம் ஒத்துக்கொள்ளாதவை மாட்டிறைச்சி, பால் வகை, கோழி, கோதுமை. காலையில் பாண் துண்டும் பால்தேத்தண்ணியும், பின்னேரம் மாரி பிஸ்கற்றும் கொடுக்கும் வீடுகளில் பாலும் கோதுமையும் தினமும் போகின்றன.

நாய் இதுவரை சாப்பிடாத ஓர் இறைச்சியைத் தேர்ந்தெடுங்கள். மீனும் கோழியும் தின்று வளர்ந்த நாய்க்கு ஆட்டிறைச்சி பொருந்தும். பங்கு இறைச்சி எடுக்கும் நாளில் அதற்கும் கொஞ்சம் சேர்த்து வாங்கி வையுங்கள். அதோடு வத்தாளங்கிழங்கு (சர்க்கரைவள்ளி), இரண்டையும் அவித்து மட்டும். உப்பு, தூள், எலும்பு வேண்டாம். வெங்காயமும் உள்ளியும் நாய்க்கு நஞ்சு, ஆகவே கறிச்சட்டி வழித்த சோறு எப்போதுமே கூடாது.

எட்டு கிழமை இதைத் தவிர எதுவும் வாய்க்குள் போகக்கூடாது. ஒரு பிஸ்கற் போதும், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டி வரும். பிள்ளைகளுக்கும் வேலிக்கு அந்தப் பக்கம் உள்ள அக்காவுக்கும் முதலே சொல்லி வையுங்கள். இறைச்சி வாசம் சேர்த்த பூச்சி மருந்துக் குளிசையும் இந்தத் தடையில் அடங்கும், மறக்காதீர்கள். இந்தச் சாப்பாட்டில் சுண்ணாம்புச் சத்து குறைவு, அதனால் குட்டிகளுக்கும் சினை நாய்களுக்கும் மிருக வைத்தியரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

சொறிச்சல் குறைந்ததா? அப்புறம் பழைய சாப்பாட்டைத் திரும்பக் கொடுங்கள். பலருக்கு இதற்கு மனம் வராது, ஆனால் இது இல்லாமல் எதுவும் உறுதியாகாது. இரண்டு கிழமைக்குள் சொறிச்சல் திரும்பினால் உணவுதான் காரணம். பிறகு பழையதை நிறுத்தி, தோல் ஆறியதும் பால், கோதுமை, கோழி என்று ஒவ்வொன்றாகக் கொடுத்துக் குற்றவாளியைப் பிடிக்கலாம். மயிரையும் எச்சிலையும் அனுப்பிச் செய்யும் ஒவ்வாமைச் சோதனைகளை நம்பிக் காசு கொடுக்காதீர்கள்.

6. மிஞ்சுவது காற்று

தெள்ளும் உணவும் இல்லையென்றால் தூசிச் சிற்றுண்ணி, மகரந்தம், பூஞ்சணம் மிஞ்சும். இந்த வகை பெரும்பாலும் ஆறு மாதத்துக்கும் மூன்று வயதுக்கும் இடையில் தொடங்கும். கொப்பியைப் புரட்டிப் பாருங்கள். சோளகக் காற்றில் புழுதி பறக்கும் மாதங்களில் கூடுகிறதா, ஐப்பசி கார்த்திகை மழை ஈரத்தில் கூடுகிறதா? உலாவி வந்ததும் பாதத்தையும் வயிற்றையும் ஈரத்துணியால் துடைத்து, விரல் இடுக்கைக் காயவிடுங்கள். இதை முற்றாக மாற்ற முடியாது, ஆனால் கட்டுப்படுத்த நல்ல மருந்துகள் உண்டு.

மிருக வைத்தியரிடம் கொப்பியையும் கொண்டு போங்கள். முன்பு சொறிச்சலுக்கு ஊசி போட்டிருந்தால் அந்தத் திகதியையும் எழுதி வையுங்கள். சில ஸ்டீராய்டு ஊசிகள் பல கிழமைக்குச் சொறிச்சலை அடக்கி வைக்கும். அந்த நாட்களில் உணவுச் சோதனை செய்தால் பொய்யான விடைதான் வரும்.